தலைமறைவிலிருந்து தலைமைக்கு

தெல் அவீவ் நகரத் தெருவொன்றிலே, இஸ்ரேல் சசோவர் என்னும் பெயருடன் தாடி வளர்த்த யூத மதகுரு ஒருவர் வாழ்ந்துவந்தார். ஆங்கில ஆட்சியினரோ, ‘இர்குன்’ எனும் இரகசியப் படையின் தலைவர் மெனாக்கெம் பெகினைப் பிடித்துத் தருவோர்க்குப் பெருந்தொகை அளிப்பதாக விளம்பரஞ் செய்திருந்தனர். மதகுருவும் படைத்தலைவரும் ஒருவரே என்பதை அவர்கள் அறிந்திலர்.

பெகின் 1913ஆம் ஆண்டில், அந்நாளில் ருஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த பிரெஸ்ற் லித்தோவ்ஸ்க் நகரிலே பிறந்தார். வார்சாவிற் சட்டம் பயின்றார். 1940இற் சோவியத் காவலரால் கைதுசெய்யப்பட்டு, வடதிசைக் கடுங்குளிரிலே கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டார். விடுதலை பெற்றதும் போலந்துப் படையில் ஒருவராய் 1942இற் பலஸ்தீனத்தை அடைந்தார். ஊரிலே விட்டுவந்த பெற்றோரையும் தமையனையும் நாசிகள் கொன்றொழித்தனர். அத்துயரம் அவர் நெஞ்சை இரும்பாக்கிற்று என்பர். துயரம் காரணமாகலாம், நியாயமாகாதென்பதே எம் கருத்து.

1944இல் அவர் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி தொடுத்தார். 1946 யூலை 22ஆம் நாள், அரசாங்கச் செயலகம் இயங்கிய யெரூசலேம் கிங் டேவிட் ஹோட்டலை இர்குன் வெடிவைத்துத் தகர்த்தது. அராபியர், ஆங்கிலேயர், யூதர் என 91 பேர் மாண்டனர். தொலைபேசியில் முன்னரே எச்சரித்தோம் என்று இர்குன் வாதாடிற்று. மாண்டவர்க்கு அவ்வாதத்தாற் பயனென்ன? 1948 ஏப்பிரில் 9இல், இர்குனும் லெகி என்னும் மற்றோர் இரகசியப் படையும் தேர் யாசீன் என்னும் அராபியக் கிராமத்தைத் தாக்கின. பெண்டிர், பிள்ளைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். படுகொலை என்னுஞ் சொல்லைப் பெகின் ஏற்றாரல்லர்.

அவ்வாண்டு மே மாதம் இஸ்ரேல் நாடு உதயமாயிற்று. அடுத்த மாதமே அல்ரலேனா என்னுங் கப்பல், பிரான்சிலிருந்து இர்குனுக்குப் படைக்கலங்களைக் கொணர்ந்தது. ஒரு நாட்டில் இரு படைகள் இருத்தலாகாதென்ற பிரதம மந்திரி பென் கூரியன், கலங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டார். இணக்கம் பிறக்கவில்லை. தெல் அவீவின் கரையோரம் நின்ற கப்பலை அரசப் படை பீரங்கியாற் சுட்டது. கப்பல் தீப்பற்றி எரிந்தது. பெகினும் அதிலே இருந்தார். அம்மோதலில் இர்குன் வீரர் 16 பேரும் அரசப் படையினர் மூவரும் மடிந்தனர். அன்றிரவு இர்குன் வானொலியிற் பேசிய பெகின் விம்மியழுதார்; பென் கூரியனைக் கடிந்தார்; ஆயினும் திருப்பிச் சுடலாகாதென்று தம்மவரைத் தடுத்துவிட்டார். அத்தடை இல்லாதிருந்திருப்பின், பிறந்து 40 நாளும் நிரம்பாத அந்நாடு உள்நாட்டுப் போரில் வீழ்ந்திருத்தல் கூடும். ஆனால் அவ்வடக்கம் தம்மினத்தார்க்கே காட்டப்பட்டது. தேர் யாசீன் மக்களுக்கு அது கிட்டவில்லை.

பின்னர் அவர் கட்சி அமைத்து, எட்டுப் பொதுத்தேர்தல்களில் தோற்றார். 1967 முதல் 1970 வரை கூட்டரசில் அமைச்சராயிருந்தமை நீங்கலாக, எதிர்க்கட்சி வாங்கிலேயே காலங் கழிந்தது. 1977இல், 63ஆம் வயதில், பிரதம மந்திரியானார். அவ்வாண்டே எகிப்தின் அதிபர் சாதாத்தை யெரூசலேமில் வரவேற்றார். மறு ஆண்டு அமெரிக்க அதிபர் காட்டர் முன்னிலையில் கேம்ப் டேவிட்டில் 13 நாள் பேச்சு நடந்தது. இருவருக்கும் சமாதான நோபெல் பரிசு கிடைத்தது. 1979இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. சீனாய்ப் பாலைவனம் எகிப்துக்கு மீண்டது. பலஸ்தீனரின் வழக்கோ தீராது நின்றது.

1982இல் அவர் லெபனானுக்கு அனுப்பிய படை, முடிவறியாப் போரிற் சிக்கிற்று. அவ்வாண்டே மனைவி அலீசாவும் காலமானார். 1983இற் பதவி துறந்த பெகின், அதன்பின் வீட்டைவிட்டு வெளிவருதலே அரிதாயிற்று. 1992 மார்ச்சில் மறைந்தார். நாட்டுத் தலைவர்களை அடக்கஞ் செய்யும் ஹெர்சல் குன்றினை அவர் விரும்பவில்லை. ஆங்கிலேயர் தூக்கிலிடுமுன் 1947இற் சிறையிலே வெடிகுண்டால் தம்முயிர் நீத்த இரு இளைஞரின் அருகே, ஒலிவ மலையிலே, அவர் விருப்பின்படி புதைக்கப்பட்டார்.