பர்ஸை ஒரு வாரம் கொடுத்துப் பாருங்களேன்!

முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையைப் பரணில் தூக்கிப் போட்ட மறுநாளே, வீட்டில் இருக்கும் நமக்குப் பரீட்சை ஆரம்பமாகிவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் என்றால் பாதகமில்லை. ஒரு தாயக்கட்டையும் பக்கத்து வீட்டு வாண்டுகள் நாலு பேரும் போதும். பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைக்கும் இருக்கிறதே அந்த ரெண்டுங்கெட்டான் வயசு, அதோடுதான் பெரும்பாடு. தாயம் ஆடக் கூப்பிட்டால் "நான் என்ன குழந்தையா?" என்று முறைக்கிறார்கள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் வந்து உட்கார்ந்தால் "உனக்கென்ன இங்கே வேலை?" என்று நாமே விரட்டுகிறோம். அப்புறம் செல்போனைத் தவிர அவர்களுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

எங்கள் ஊர் கும்பகோணம். மகனுக்குப் பதினைந்து வயசு, மகளுக்குப் பதின்மூன்று. போன கோடை லீவில் எங்கள் வீட்டில் செய்து பார்த்ததை சகோதரிகளுக்குச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

டைப்ரைட்டிங், இந்தி, கராத்தே என்று கிளாஸ்களில் சேர்ப்பது தப்பே இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் கிளாஸ் போய் வந்தால் மிச்சப் பொழுது முழுக்க வீட்டில்தானே? அதுவும் கத்திரி வெயிலில்! இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பொழுது போகாததை விட, தன்னை நம்பி வீட்டில் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எரிச்சல் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவர்களை நம்பி ஒன்றை நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "பணத்தையா கொடுக்கப் போற?" என்றார். ஆமாம், பணத்தைத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை 2,000 ரூபாயையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் இரண்டு பேரிடமும் கொடுத்தேன். காய்கறி, பால், மீன், முட்டை, பூ, சில்லறைச் செலவு எல்லாம் ஒரு வாரத்துக்கு அவர்கள் பொறுப்பு. மளிகை மட்டும் என்னிடம். என்ன சமையல் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், என்னோடு நின்று சமைக்கவும் வேண்டும். மிச்சம் பிடித்தால் அவர்களுக்கு. பற்றாமல் போனால் என்னிடம் வரக்கூடாது.

முதல் வாரம் வியாழக்கிழமையே கையில் 85 ரூபாய்! திங்கட்கிழமை ராத்திரி எல்லோருக்கும் கடை பரோட்டா, செவ்வாய்க்கிழமை வஞ்சிரம், நடுவில் ஐஸ்கிரீம். எனக்குக் கை பரபரவென்றுதான் இருந்தது, ஆனாலும் பேசாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை கொல்லை முருங்கையில் மகன் ஏறினான். கீரைப் பொரியலும் ரசமும். சனிக்கிழமை பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

இரண்டாவது வாரம் நோட்டில் பத்தி பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கெட் தயிர் வாங்குவதை நிறுத்தி, ராத்திரி உறை ஊற்றினாள் மகள். உழவர் சந்தை 1999-லிருந்து இருக்கிறது, அங்கே அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள், நானே அதை நின்று படித்ததில்லை. என் மகன் அதை எழுதிக்கொண்டு வந்து தெருவில் வரும் வண்டிக்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மூன்றாவது வாரம் 310 ரூபாய் மிச்சம். பத்து வயசு நிறைந்த பிள்ளைகள் தாங்களே கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லியிருக்கிறது. மகள் பெயரில் ஒரு கணக்கு, மகன் பெயரில் ஒரு கணக்கு என்று ஆரம்பித்துப் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். வங்கிச் சலானை நிரப்ப இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் ஆயிற்று. அதுவும் ஒரு படிப்புதானே!

இதில் நான் கவனித்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினேன். இரண்டே நாளில் கடைக்குப் போவதெல்லாம் அண்ணன், நறுக்குவதும் கழுவுவதும் தங்கச்சி என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் காற்று வாங்கிக்கொண்டு சைக்கிளில் போகிறான், இவள் அடுப்படியில் வேர்த்து வழிகிறாள். அப்படியே விட்டிருந்தால் லீவு முடியும்போது அவன் ஊரைக் கற்றிருப்பான், இவளுக்கு அம்மியும் அரிவாள்மனையும்தான் மிச்சம். நான் பத்தாவது முடித்த லீவில் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கத்தரிக்காய் விலை கேட்கவே கற்றுக்கொண்டேன். என் மகளுக்கும் அதே கதையா?

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு நாள் அவள் சந்தை, இவன் அடுப்பு. மறுநாள் மாற்றி. "வயசுக்கு வந்த புள்ளைய சைக்கிள்ல சந்தைக்கு அனுப்புறியே" என்றார் எதிர்வீட்டு அக்கா. பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு அரசாங்கமே சைக்கிளைக் கொடுத்து ஓட்டு என்கிறதே அக்கா என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். என் அத்தையைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆம்பளப் புள்ளைய மாவாட்ட வைக்கிறாளே" என்று ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து புலம்பினார். இப்போதும் புலம்பல் நிற்கவில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணியானால், "அப்பாயிக்கு ஒரு காபி போட்டுக் கொடுய்யா" என்று பேரனைத்தான் கூப்பிடுகிறார்.

அடுத்தது தண்ணீர். இது டெல்டாப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோரும் யோசிக்க வேண்டியது. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் காவிரி பெரும்பாலும் மணல்தான். பையன்கள் ஆற்றுக்குள்ளேயே ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் நம் ஊருக்கு வந்ததும், நாம் ஓடி ஆடிய இடம்தானே என்று அதே பையன்கள் குதிக்கிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது, இழுப்பும் தெரியாது. கொள்ளிடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் பேப்பரில் வருகிற செய்திகளைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆற்றுக்குப் போகாதே என்று சொன்னால் கேட்கிற வயசா இது?

அதனால் மே மாதம் இரண்டு பேரையும் தஞ்சாவூரில் என் நாத்தனார் வீட்டில் விட்டு, நீச்சல் குளத்தில் பணம் கட்டிச் சேர்த்தோம். மாவட்ட விளையாட்டரங்கங்கள் பலவற்றில் கோடையில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாளில் மகள் மிதக்கக் கற்றுக்கொண்டாள், மகன் குளத்தின் அகலத்தைக் கடந்தான். இது ஆற்றுக்குப் போதாது என்றும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது முழுகினால் தானும் குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, துப்பட்டா, நீளக் கம்பு எது கிடைக்கிறதோ அதைக் கரையில் இருந்து நீட்டிக் கூச்சல் போட வேண்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவரும் போவதுதான் இதில் பெரிய கொடுமை.

லீவில் பையன் பைக் கேட்டு நச்சரிப்பான், கொடுத்துவிடாதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸும் கிடைக்காது. இதைப் படித்துக் காட்டியதும் என் மகன் வாயை மூடிக்கொண்டான். சிலர் லீவில் பிள்ளைகளைக் கடை வேலைக்கு அனுப்புகிறார்கள். பதினான்கு வயசு நிறையாத பிள்ளையை வெளியே வேலைக்கு வைப்பதே குற்றம். சொந்தக் கடையில் கூடமாட நிற்பது வேறு.

செல்போன் எங்கள் வீட்டிலும் இருக்கத்தான் செய்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். பகலில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சின்ன வெங்காயம் விலை இறங்கினதும் மூன்று கிலோ வாங்கி வடகம் போட்டார்களே, அந்தப் பத்து நாளும் மொட்டை மாடியில் உருண்டையைக் காய வைப்பதும், சாயங்காலம் அள்ளிப் பிசைந்து மறுபடி உருட்டுவதும், காக்காய் விரட்டுவதுமாகவே போயிற்று. விளக்கெண்ணெய் விட்டு உருட்டி எடுத்து வைத்த அந்த வடகத்தைத்தான் வருஷம் முழுக்க வத்தக் குழம்புக்குத் தாளித்தேன்.

இந்த வருஷம் மளிகையையும் சேர்த்து ஒரு மாதப் பணமாகக் கொடுங்கள் என்று இரண்டு பேரும் இப்போதே கேட்கிறார்கள். எண்ணெய், பருப்பு, புளி என்று வரும்போது கணக்கு பெரிசாகிவிடுமே என்று எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டில் யாராவது இப்படிப் பிள்ளைகளிடம் மளிகையையும் ஒப்படைத்துப் பார்த்திருந்தால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.