கோவைக் கரும்பின் மரபணுப் புதிரை ஆராய்ந்த ஜானகி அம்மாள்: யார் இவர்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலிருந்து 6 புதிய பல்லி இனங்களை 2019-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் விவரித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு 'திராவிடோகெக்கோ ஜானகியே' எனப் பெயரிடப்பட்டது. அப்பெயருக்குரியவர் பல்லிகளை ஆராய்ந்தவர் அல்லர். கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர், தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள்.

1897-இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931-இல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றிய பின், 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் இவரே என்று இணையத்தில் பரவலாகக் கூறப்படுகிறது. அது முழு உண்மையன்று. இனிப்பு மிகுந்த தடித்த கரும்பு வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலில் சாறு இனிக்காது, ஆனால் எதையும் தாங்கும். இவ்விரண்டையும் கலந்து உருவாக்கப்பட்ட 'கோ 205' ரகம் 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. சி.ஏ. பார்பர், டி.எஸ். வெங்கடராமன் ஆகியோரின் உழைப்பு அது. ரகப் பெயரிலுள்ள 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கும்.

அப்படியானால் ஜானகியின் பங்கு என்ன? கலப்பினங்களின் செல்லுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்ந்ததே அவரது பணி. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். தடித்த கரும்பிலோ 80. நாணலில் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடும். ஒரே இனத்துக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை அவர் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிப் பதிவு செய்தார். எந்தத் தாய்ச்செடியோடு எதைக் கலந்தால் எத்தகைய சந்ததி கிடைக்கும் என்பதைக் கணிக்க, இனப்பெருக்க வல்லுநர்களுக்கு இத்தகைய கணக்கு அடிப்படைத் தேவை. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்த சோதனை, கரும்பு-மூங்கில் கலப்பினங்களின் குரோமோசோம் எண்ணிக்கை ஆகியவை குறித்த அவரது குறிப்புகள் 1938-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்ற வேளையில் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு' 1945-இல் வெளியானது. அதன் பின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். அங்கு வளர்ந்த மக்னோலியா ரகம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க நேரு விடுத்த அழைப்பை ஏற்று, 1950-களின் தொடக்கத்தில் நாடு திரும்பினார். 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியை மனிதன் மாற்றிய விதம் குறித்து நடந்த கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். அவர் அங்கே பேசியது, தம் உணவுக்காக மட்டும் பயிரிடும் இந்திய உழவர்களைப் பற்றி என்பது குறிப்பிடத்தக்கது.

பத்மஸ்ரீ விருது பெற்ற ஜானகி, 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. எண்பது வயதைக் கடந்த நிலையிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தார். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் விரும்பினார். 1984 பிப்ரவரியில், தமது 86-ஆவது வயதில் மதுரவாயலில் அவர் காலமானார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.