ஆய்வு மாணவர்களே, ஆறாம் ஆண்டுவரை காத்திருக்காதீர்கள்

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் மனநல மருத்துவரிடம் நேராக வருவது அபூர்வம். நெஞ்சு படபடக்கிறது என்று முதலில் இதய மருத்துவரிடம் போகிறார். ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். வயிறு எரிகிறது என்று எண்டோஸ்கோப்பி செய்துகொள்கிறார். அதுவும் நார்மல். தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறார். "ஒருமுறை சைக்கியாட்ரிஸ்டையும் பாருங்கள்" என்று யாரோ ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பல மாதம் பர்சிலேயே வைத்திருந்துவிட்டு, தீசிஸ் கொடுக்கும் கெடு நெருங்கியபின் சேலத்தில் என் எதிரே வந்து உட்காருகிறார். அதற்குள் அவர் ஒழுங்காகத் தூங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கருப்பூரில் 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தபிறகு சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கம் தனியார் கல்லூரிகள் பெருகின. அங்கே பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். காலையில் கல்லூரி பஸ், பகலெல்லாம் வகுப்பு, கோடை வந்தால் ஊர் ஊராக அட்மிஷனுக்கு அலைச்சல், எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு லேப்டாப். பலர் அவரவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. விசைத்தறி ஓட்டியும் கோழிப்பண்ணையில் உழைத்தும் படிக்கவைத்த பெற்றோரிடம், "என்னால் முடியவில்லை" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை.

## இது அறிவுக் குறைவு அல்ல

வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லீங்க டாக்டர், தெரியாம சேர்ந்துட்டேன்." நெட் தேர்வில் தேறியவர்களும் இதைச் சொல்கிறார்கள், தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் சொல்கிறார்கள். தன்னை மட்டமாக நினைப்பதே மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. நோய் பேசுவதை அவர்கள் தங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆய்வு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனநோய் வரும் அபாயம் தெரிந்தது. வேலைப்பளு, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான இழுபறி, வழிகாட்டி நடத்தும் விதம் ஆகியவை அந்த அபாயத்தோடு சேர்ந்தே காணப்பட்டன. அடுத்த ஆண்டு 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரின் பதில்கள் வந்தன. பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களில் 39 விழுக்காட்டினருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு இருந்தது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் அதை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. ஆனால் இது தனியொருவரின் பலவீனம் அல்ல என்பதற்கு அதுவே போதும்.

நம் மாநிலத்திலும் பார்த்தோம். 2023-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபின், ஓய்வுபெற்ற டி.ஜி.பி. ஜி. திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு வழிகாட்டிப் பேராசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாட்டின் மிகச் சிறந்த நிறுவனத்திலேயே ஒரு பிள்ளையின் தவிப்பு தெரியாமல் போகும் என்றால், துணைக்குப் பேச ஒரு சக ஆய்வாளர்கூட இல்லாமல் தனியாக உழலும் பகுதிநேர மாணவரை யார் கவனிப்பார்கள்?

## மெடிக்கல் ஷாப் வைத்தியம்

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆய்வு செய்யக் கற்றவர்கள், ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடுகிறவர்கள், தூக்க மாத்திரையை மட்டும் பக்கத்து அறை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடுகிறார்கள்.

அப்படி வாங்கும் அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இருந்தும் கிடைக்கிறது. முதல் வாரம் நன்றாகத் தூங்குகிறார்கள். சில வாரங்களில் அதே அளவு போதாமல் ஒன்று இரண்டாகிறது. பிறகு அது இல்லாமல் கை நடுங்குகிறது, படித்தது மனதில் நிற்பதில்லை. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் படிக்கும் யாராவது மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்களிடம் வாருங்கள், படிப்படியாகக் குறைத்து விடுவிக்கிறோம். அந்த மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

வைவாவுக்கு முன் படபடப்பைக் குறைக்க என்று புரோப்ரனோலால் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். எல்லோருக்கும் ஒத்துவராத மருந்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

வீட்டு வைத்தியமும் இதில் சேர்த்திதான். பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடித்தால் தூக்கம் வரும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். ஒரு சிட்டிகையால் கெடுதல் இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கூட்டினால் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இரவு விழிக்க மாலையில் நாலு டீ, பிறகு தூங்க ஜாதிக்காய் என்றால் உடம்பு எதைத்தான் கேட்கும்?

## நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகள்

"மனநல மாத்திரை தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது." மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துகிறவர்களே அதிகம். முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால், குணமானபின் இன்னும் ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம்.

"மாத்திரை போட்டால் மூளை மந்தமாகும், எழுத வராது." எழுத வராமல் செய்வது நோய்தான். ஒரே பத்தியை ஐந்து முறை படித்தும் ஏறவில்லை என்பது மனச்சோர்வின் அறிகுறி. அசதி தரும் மருந்தாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

"கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்." சரியாகாது. நோயோடு இருக்கும் பெண்ணின் தலையில் புது வீடும் புதுப் பொறுப்பும் சேரும். அந்தப் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்து கஷ்டப்படும். முதலில் வைத்தியம், கல்யாணம் பிறகு.

"ஏழரைச் சனி நடக்குது, மந்திரிச்சு கயிறு கட்டினால் போதும்." கோயிலுக்குப் போங்கள், மனதுக்குத் தெம்பு வந்தால் நல்லதுதான். ஆனால் சனி விலகட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் நோய் முற்றுகிறது.

"இங்கே வந்தது காலேஜுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்." 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. கைடுக்கோ கல்லூரி நிர்வாகத்துக்கோ நாங்கள் சொல்வதில்லை.

"ராத்திரி முழித்தால்தான் தீசிஸ் முடியும்." பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கி எழுதிய அத்தியாயத்தைப் பிறகு மூன்று முறை திருத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"செத்துப்போகலாம்னு இருக்குன்னு சும்மா சொல்றான்; அதைப் பற்றிக் கேட்டால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகும்." இரண்டுமே தவறு. சொல்கிறவர் உதவி கேட்கிறார். "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது பாரத்தை இறக்கி வைக்க ஒரு வழி.

## சோதனையும் சிகிச்சையும்

எங்களிடம் வந்தால், சோர்வுக்கு உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்ப்போம், அவ்வளவுதான்.

பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. ஆலோசனையும் தூக்கத்தை ஒழுங்குசெய்யும் பயிற்சியும் போதும். மருந்து தேவைப்படுகிறவரும் முதல் சில வாரம் ஆய்வு வேலையைக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். தறியில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே ஓட்டுவார்கள் என்பது குமாரபாளையம், பள்ளிபாளையம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## விதிகளைப் படியுங்கள்

ஆய்வுப் படிப்பின் விதிகளை மருத்துவர் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். என் அறைக்கு வரும் பயத்தில் பெரும்பகுதி "கெடு முடிந்தால் எல்லாம் போச்சு" என்ற பயம். ஆனால் விதி என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

யுஜிசி 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு கேட்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை தரலாம். திருமணத்தால் ஊர் மாற நேரும் பெண், ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி அந்த விதிகளில் வைக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல் பயத்தில் பணம் கட்டி ஏதோ ஒரு ஜர்னலில் போட்டுவிட்டு, அந்தக் குற்றவுணர்ச்சியோடும் கடனோடும் வந்து நிற்கிறார்கள்.

கைடோடு பேச்சு முறிந்துவிட்டதா? ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் ஒவ்வொரு செமஸ்டரும் நிற்கிறீர்களே, அங்கே பேசுங்கள். வாயால் சொல்லத் தயக்கம் என்றால் எழுதிக் கொடுங்கள்.

## கைடுகளுக்கும் வீட்டாருக்கும்

பேராசிரியர்களே, வரைவு அத்தியாயத்தை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருப்பது ஒரு மாணவரைத் தூங்கவிடாமல் செய்யும். "இன்ன தேதிக்குள் படித்துவிடுகிறேன்" என்ற ஒரு சொல் போதும், அவர் அன்றிரவு தூங்குவார். நல்லா வந்துகொண்டிருந்த மாணவர் திடீரென்று போன் எடுக்கவில்லை, கண்ணில் படவில்லை என்றால் அது சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். கூப்பிட்டு விசாரியுங்கள்.

பெற்றோரே, உறவினர்களே, விசேஷ வீடுகளில் "இன்னும் எத்தனை வருசமுங்க படிக்கறது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "சாப்பிட்டயா, தூங்கினயா?" என்று கேளுங்கள்.

## கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, பிடித்த எதுவும் பிடிக்காமல் போனாலோ, கைடு பெயரைப் போனில் பார்த்ததும் நெஞ்சு அடைத்தாலோ வாருங்கள். தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தால்கூட அன்றைக்கே வாருங்கள், அறை நண்பரையோ வீட்டாரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். நடு ராத்திரியாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையில் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஆய்வு செய்யும் இன்னொருவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். மதியத்துக்கு மேல் டீ, காபியைக் குறையுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள், தயவுசெய்து.

தீசிஸ் கொடுக்கும் கெடுவுக்கு நீட்டிப்பு வாங்க வழி இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் வந்தவரை ஆலோசனையோடு அனுப்ப முடிகிறது. ஆறாம் ஆண்டில் வருகிறவரை முதலில் தூக்க மாத்திரையிலிருந்து மீட்கவே மாதங்கள் போகின்றன. அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த அத்தியாயம் முடியட்டும், அடுத்த மீட்டிங் முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே வந்துவிடுங்கள்.