யானை வேலியும் பொதுப்பணமும்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊரவர் வேளாண்மை செய்யும் மேற்கு வட்டைகளிலே, கதிர் முற்றுங் காலத்திற் காட்டு யானை புகுவது யாவரும் அறிந்ததே. அவ்யானையைக் காப்பதற்கும் தடுப்பதற்கும் செலவாவது பொதுப்பணமே. அப்பணம் எங்கே பயன்தருகிறது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

1949 ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்டம் தொடங்கி, சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டபோது, யானைகள் மேய்ந்த தாழ்நிலக் காடுகள் பல நீருக்கும் வயலுக்கும் இடமாயின. குளத்தின் நீரேந்து காடுகளைக் காக்கும் பொருட்டு 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. நம் வாய்க்கால் நீர் அக்காட்டினின்று வருவதால், பூங்காவுக்கு இடும் பணம் யானைக்கு மட்டும் இட்டதன்று. 2011 இல் நாடெங்கும் எடுத்த கணக்கிற் காணப்பட்ட யானைகள் 5,879.

நெடுங்காலமாக அரசாங்கப் பணம் காட்டெல்லையில் மின்வேலி இடுவதிலேயே பெரிதுஞ் சென்றது. ஆயினும் யானை நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் காப்பகங்களுக்கு வெளியே உள்ளது. இரு புறமும் யானை நிற்கும் வேலி எதனைத் தடுக்கும்? 2020 இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்திட்டம், ஊரையும் வயலையும் சுற்றி வேலி இடுவதே தக்கதெனக் கூறிற்று. வயல்வேலி விதைப்பின்போது இடப்பட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றப்படும்; பின்னர் யானை வந்து தாளை மேய்ந்தாலும் நட்டமில்லை. ஆண்டு முழுவதும் பயிர் நிற்கும் மரக்கறித் தோட்டங்களுக்கோ நிலையான வேலியே பொருந்தும்.

வேலி இட்டதோடு வேலை முடிவதில்லை. நம் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைச் சூழ்ந்திருந்த மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதுற்றது, திருத்துவாரில்லை. உள்ளே புகுந்த யானைகள் உணவோடு பிளாஸ்ரிக்கையும் உண்டன. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தனவென 2022 இற் செய்தி வெளிவந்தது. ஒரு வேலியைத் திருத்தும் செலவு இதனிலும் பெரிதோ?

கம்பியிற் கொடியொன்று படர்ந்தாலும் மின்வலு நிலத்திற் கசிந்துவிடும். ஆதலால் வட்டை விதானையார் முறைவைத்து ஆள் விட்டு, வேலியோரப் பற்றையை வாரந்தோறும் வெட்டுவித்தல் நன்று. நிலத்தொடுப்புக் கம்பி ஈரமண்ணில் ஆழ இறங்கியிருத்தல் வேண்டும்; சூரியத் தகட்டில் தூசி படியவிடலாகாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் நேரே இணைப்பது சட்டவிரோதம். அதனால் மனிதரும் மாள்வர். வேலி இயந்திரம் துடிப்புத் துடிப்பாக விடும் மின்சாரம் அதிர்ச்சி தந்து யானையைத் திருப்பும், கொல்லாது.

வயல்வேலி வேண்டுவோர் தத்தம் கமக்காரர் அமைப்பின் மூலம், விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்தில் விசாரித்துக்கொள்க.