கம்ப்யூட்டருக்கு நம்பர் கொடுப்பது யார்?



போன மாதம் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் கடன் விண்ணப்பங்களை அனுப்ப உட்கார்ந்தோம். புது கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் பழையதில் நெட் போய்விடுகிறது. பார்க்க வந்தவர், "போர்டு போயிருக்கு, 3,500 ரூபாய் ஆகும்" என்றார். நல்லவேளை, கொடுக்கல. கணக்காளர் அக்கா திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்தார். இரண்டுக்கும் ஒரே நம்பராம். கோளாறு அவ்வளவுதான்!

இது ஆபீஸ் வேலை, நமக்கெதுக்கு என்று நினைக்காதீங்க. செலவு நம்ம சந்தாவிலிருந்துதானே போகுது?

ரூட்டரோடு சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், போனுக்கும் ஒரு நம்பர் வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எங்க ஆபீஸில் அந்த நம்பரைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள். ரூட்டரே கொடுக்கும் வசதிக்குப் பெயர் டி.எச்.சி.பி. வங்கியில் டோக்கன் கொடுப்பதுபோல, வருகிறவருக்குக் காலியான நம்பரைக் கொடுக்கும். தவணை முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி இருக்கும். எங்களது 192.168.1.1. சிலதில் 192.168.0.1. அதை பிரவுசரில் மேலே உள்ள நீளக் கட்டத்தில் அடிக்கணும் (கூகுளில் தேடினால் வராது, நாங்களும் அப்படித்தான் அரை மணி நேரம் தேடினோம்). பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், 'லேன்' பகுதியில் டி.எச்.சி.பி.யை 'எனேபிள்' செய்தோம். ஆரம்ப நம்பர் 192.168.1.100, கடைசி நம்பர் 192.168.1.200 என்று கொடுத்து, 'சேவ்' அழுத்தினோம். பிறகு இரண்டு கம்ப்யூட்டரிலும் கையால் போட்ட நம்பரை எடுத்துவிட்டு 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினோம். இதை மறந்தால் பழைய சண்டை தொடரும்.

முதலில் கடைசி நம்பரை 110 என்றுதான் கொடுத்திருந்தோம். மொத்தம் 11 டோக்கன். மாதக் கூட்டத்துக்கு வந்தவங்க போனையெல்லாம் வைஃபையில் சேர்த்ததும் டோக்கன் தீர்ந்து, கணக்காளர் கம்ப்யூட்டர் வெளியே நின்றது! அதனால்தான் 200 வரை நீட்டினோம்.

பிரிண்டருக்கு மட்டும் நம்பர் மாறக்கூடாது. அதற்கு டோக்கன் வரிசைக்கு வெளியே, 192.168.1.10 என்று நாமே போட்டுவிட்டோம்.

உங்க ஆபீஸிலும் நெட் வரலையா? கம்ப்யூட்டரின் நம்பரைப் பாருங்க. 169.254 என்று ஆரம்பித்தால் அதற்கு டோக்கன் கிடைக்கவில்லை. ஒயர் சரியாகச் செருகியிருக்கா, ரூட்டர் ஓடுதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.