கோப்பும் கொடியும் – 9: கெஜட்டில் பேர் வராதவர்கள்

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் 2003 ஜூலை 2 வேலைநிறுத்தம், அதன்மேல் பாய்ந்த டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் டிஸ்மிஸ். இதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 

இந்த வாரம் பென்னாகரம் சத்துணவு ஊழியர்கள் என்று சொல்லியிருந்தேன். கிளம்பவும் செய்தேன். தர்மபுரி பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரு கல்லூரி மாணவன் கெடுத்துவிட்டான். என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தான். அரசு ஊழியர்களின் என்.ஜி.ஓ. சங்கத்தைப் பற்றி என்றேன். "என்.ஜி.ஓ. சங்கமா? வெளிநாட்டுல பணம் வாங்கி மரம் நடுவாங்களே, அவங்களா சார்?" என்றான்.

சிரித்தேன். அப்புறம் அவன்மேல் குற்றமில்லை என்று தோன்றியது. ஊருக்கு ஊர் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 'நான் கெஜட்டெட் ஆபீஸர்'. ஆங்கிலேயர் காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர்களின் நியமனமும் மாறுதலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகும். குமாஸ்தா, டைப்பிஸ்ட் வகையறாவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அச்சில் பேர் வராதவர்கள் அந்த இல்லாமையையே பட்டமாக்கி, அந்தப் பட்டத்தையே சங்கத்தின் பெயர்ப்பலகையிலும் எழுதிவிட்டார்கள். 'நாங்கள் இன்னார் இல்லை' என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டம் போட்ட சங்கம் வேறு ஏதாவது உண்டா? நான்கு நாளாக யோசிக்கிறேன், எதுவும் அகப்படவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கோடு எங்கே ஓடியது என்று உடம்பிலேயே தெரியும். சான்றிதழ் நகலில் கெஜட்டெட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து வாங்க அலைந்த தலைமுறை நாங்கள். எதிர்வீட்டு மாமா ஓர் அலுவலகத்தில் கிளார்க். நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னைத் தெரியும். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் அவர் போட முடியாது. மூன்று நிமிடம்கூட என் முகத்தைப் பார்க்காத ஓர் அதிகாரி, 'இவரை மூன்று ஆண்டுகளாக அறிவேன்' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கோபுர முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தியவர் பக்கத்து மேசை கிளார்க்.

2003 வேலைநிறுத்தக்காரர்களிடம் மன்னிப்புக் கடிதம் கேட்ட விவகாரத்தையும் இந்தக் கிளார்க்கின் மேசையிலிருந்து பார்த்தால்தான் சூடு தெரிகிறது. மார்க்சிஸ்ட் தலைவர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் அமர்வு 2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்புச் சொன்னது: வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமைகூட இல்லை. முதல் இரண்டைச் சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். மூன்றாவதை நீதிமன்றம் ஏன் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது, இரண்டு நிபந்தனைகளோடு. நிபந்தனையற்ற மன்னிப்பு ஒன்று. 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 22ஆவது விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி மற்றொன்று. 6,072 பேரின் விவகாரம் மட்டும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரிடம் போனது. ஆயுள் முழுக்க அடுத்தவர் மனுவைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டவர்கள், தங்கள் மனுவுக்கு என்ன எண் விழும் என்று காத்திருந்தார்கள்.

அந்த வேலைநிறுத்தம் நடந்த காலத்துத் தர்மபுரி இன்றைய தர்மபுரி அல்ல. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம், ஓசூரிலிருந்து அரூர், சித்தேரி மலைவரை நீண்டு கிடந்தது. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனியானது. அதற்குமுன் மாவட்டச் சங்கக் கூட்டமென்றால் ஓசூர்க்காரருக்கு அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

வேலைநிறுத்தம் கூடாது என்றாலும், கலெக்டர் அலுவலக வாசலில் அரசு ஊழியர்களின் உணவு இடைவேளை ஆர்ப்பாட்டம் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏன் கோஷம் என்று கேலி பேசுகிறவர்களுக்கு 1962ஆம் ஆண்டு காமேஷ்வர் பிரசாத் வழக்கைப் பரிந்துரைக்கிறேன். பீகார் அரசின் விதியை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அமைதியான ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது, வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம் என்றது. கோஷம் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, இரண்டு மணிக்கு நாற்காலியில் இருந்தால் வேலைநிறுத்தம் ஆகாது.

மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டான்: "எங்கம்மா சத்துணவு சமையலர். அவங்க பேரு எதுல சார் வரும்?" சத்துணவு ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடையாது, சிறப்புக் காலமுறை ஊதியம். 'சிறப்பு' என்று சேர்த்தால் சம்பளம் குறையும் விந்தை அரசாணைத் தமிழில் மட்டும் உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், அந்த அடுப்படியிலிருந்து சங்கம் எழுந்த கதை பெரிது.

அதற்குள் பென்னாகரம் பஸ் போய்விட்டது. அம்மாவைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம்.