கைதிக் கப்பலில் ஒரு பள்ளிக்கூடம்

சிறு திருட்டுக்கும் நாடுகடத்தல் தண்டனை விதித்த காலம் அது. 1787 தொடங்கி 1868 வரை பிரிட்டன் தன் கைதிகளில் சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. 1790-இல் போய்ச் சேர்ந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் நாலில் ஒருவர் நடுக்கடலிலேயே மாண்டார். இத்தகைய சாவுகளுக்குப் பிறகுதான், 1815 முதல், கப்பல்தோறும் கடற்படை மருத்துவர் ஒருவரைக் கண்காணிப்பாளராக அமர்த்தினார்கள். கைதிகளின் உடல்நலத்தோடு ஒழுக்கமும் அவர் பொறுப்பாயிற்று.

அந்த மருத்துவர்களில் ஆழ்ந்த பக்திமான் காலின் பிரவுனிங். எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளையே ஆசிரியர்களாக்கி, கப்பல் தளத்தில் வகுப்புகள் நடத்தினார். எழுத்தறிவும் வேதபாடமும் ஜெபமும் அங்கே அன்றாட ஒழுங்காயின. அந்த அனுபவங்களைப் புத்தகங்களாகவும் எழுதினார்.

பெண் கைதிகளுக்காகப் போராடியவர் எலிசபெத் ஃப்ரை. லண்டன் நியூகேட் சிறையில் சீர்திருத்தப் பணியைத் தொடங்கிய இவர், 1818 முதல் கப்பல்களுக்கும் போனார். அவருடைய குழு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தது: வேதாகமம், ஊசி, நூல், துணித் துண்டுகள். 1841 ஏப்ரலில் 'ராஜா' என்ற கப்பல் சுமார் 180 பெண்களோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. உடன் சென்ற கெசியா ஹேட்டர் என்ற இளம்பெண்ணின் மேற்பார்வையில், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகம் சேர்வதற்குள் அந்தப் பெண்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வை தைத்தார்கள். தங்களுக்கு உதவிய குழுவினருக்கு நன்றி சொல்லும் வாசகத்தையும் அதில் நூலால் பொறித்தார்கள். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை இன்றும் போற்றிக் காக்கிறது.

கப்பல்களில் நடந்த இந்தப் போதனை கைதிகளின் மனங்களை மாற்றியதா? எல்லோரையும் மாற்றியது என்று சொல்ல முடியாது. மருத்துவர் எழுதும் நடத்தை அறிக்கை கரையில் கைதியின் கதியைத் தீர்மானிக்க உதவியது. அப்படியிருக்க, அவர் முன் மண்டியிட்டவர்களில் யார் பக்தியால் மண்டியிட்டார், யார் பயத்தால் மண்டியிட்டார் என்று எப்படிப் பிரிப்பது? எழுந்து போக வழியில்லாதவருக்குச் செய்யும் பிரசங்கத்தில் கட்டாயம் கலந்தே இருக்கும்.

ஆனாலும் அங்கே கற்ற எழுத்தும் தையலும் அவர்களுக்கே சொந்தமாயின. விடுதலைக்குப் பின் பிழைக்க அவை கைகொடுக்கும். குற்றவாளியாலும் கற்க முடியும் என்று நம்பியதே பிரவுனிங்கும் ஃப்ரையும் செய்த பெரிய காரியம். நம் சிறைகளுக்கும் அந்த நம்பிக்கை வேண்டும். கைதிக்கு உபதேசம் செய்வதற்கு முன், அவர் கையில் ஒரு புத்தகத்தையும் ஒரு தொழிலையும் கொடுப்போம்.